தன்மையில் வராத சொல்

தமிழக அரசியல் அறிக்கைகளில் ஓய்வே இல்லாமல் உழைக்கும் சொற்களில் ஒன்று காழ்ப்புணர்ச்சி. முன்னாள் அமைச்சர்மேல் வழக்குப் பதிவானால் அது அரசியல் காழ்ப்புணர்ச்சி. ஓர் ஆட்சி தொடங்கிவைத்த பணியை அடுத்த ஆட்சி கிடப்பில் போட்டால் அதுவும் அதே. தன் வார்டுக்குத் தெருவிளக்கு வரவில்லை என்று மனு எழுதும் ஊராட்சி உறுப்பினரும் இந்தச் சொல்லையே எடுக்கிறார். இத்தனை புழக்கத்திலும் அதற்கு ஓர் இலக்கண வரம்பு இருக்கிறது. முன்னிலையிலும் படர்க்கையிலும் தாராளமாக வரும் இச்சொல் தன்மையில் வருவதில்லை. “அவருக்கு என்மேல் காழ்ப்பு” என்பார்கள், “உங்களுக்கு எங்கள்மேல் ஏன் இந்தக் காழ்ப்பு?” என்றும் கேட்பார்கள். “எனக்கு அவர்மேல் காழ்ப்பு” என்று நேராகச் சொல்பவரைக் காண்பது அரிது. தன்மையோடு அது சேரும் ஒரே இடம் மறுப்பு: “எனக்கு யார்மேலும் காழ்ப்பு கிடையாது.” நெடுநாள் நிற்கும் கசப்பைக் குறிக்கும் சொல் என்று அகராதி இதற்குப் பொருள் சொல்லலாம். அந்தக் கசப்பை உடையவர் என்று கருதப்படுபவர் ஒருபோதும் பயன்படுத்தாத சொல்லை மனநிலையின் பெயர் என்று மட்டும் ஏற்றுக்கொள்வது கடினம். வழக்கில் அது ஒரு குற்றச்சாட்டு.

பக்கத்தில் இருக்கும் பிற சொற்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். மனத்தாங்கல், மனவருத்தம், மனஸ்தாபம், மனக்குறை, மனக்கசப்பு ஆகியவையும் ஆறாமல் நிற்கும் கசப்பைத்தான் குறிக்கின்றன. ஆனால் “எனக்கு அவர்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு” என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. “என் வயிறு எரியுது” என்பது தன்மையில்தான் வலுப்பெறும் தொடர். மண்ணை வாரித் தூற்றிச் சாபமிடும் பெண் தன் வயிற்றெரிச்சலை ஒளிப்பதில்லை, ஊரறியச் சொல்கிறாள். மறுபுறம் வன்மம் வைத்திருப்பவனும், கறுவிக்கொண்டிருப்பவனும், பொருமுகிறவனும் எப்போதும் அடுத்தவனே. இணையத் தலைமுறை வன்மம் என்ற சொல்லைக் கேலியாகத் தன்மேலேயே ஏற்றிக்கொள்வதுண்டு. கேலியாக மட்டுமே ஏற்றிக்கொள்ள முடிகிறது என்பதும் இந்த விதியைத்தான் உறுதிப்படுத்துகிறது. ஆகத் தமிழில் நெடுங்கசப்பைச் சுட்டும் சொற்கள் இரண்டு அணிகளாக நிற்கின்றன. ஒன்று பட்டவர் தன்னைப் பற்றிச் சொல்வது. மற்றது அடுத்தவர் அவரைப் பற்றிச் சொல்வது. ஒரே கசப்பை எந்த அணிச் சொல்லால் அழைக்கிறோம் என்பதில் அதற்கான தீர்வும், தீர்க்க வேண்டியவர் யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். வாதத்தைச் சோதிக்கப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு போதிய சான்றுகளைத் தருகிறது. அங்குள்ள மக்கள் பிறரைவிடக் கசப்பு மிக்கவர்கள் என்பதல்ல காரணம். 2011 கணக்கெடுப்பில் இரண்டும் சேர்ந்து 13 லட்சத்துச் சொச்சம் மக்களைக் கொண்டிருந்த இந்தச் சிறு நிலப்பரப்பில், நெடுநாள் நின்ற குறைகள் பல பொது ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் சில தீர்ந்தும் இருக்கின்றன.

முதலில் சொற்பிறப்பு. காழ் என்றால் மரத்தின் உள் வைரம், விதை, உறுதிப்பட்ட பகுதி. தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் வகுப்பது தமிழாசிரியர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. காழ்ப்பு என்பது உள்ளே இறுகியது. வைரம் என்ற சொல்லிலும் இதே வரலாறு வேறு வழியாக நடந்திருக்கிறது. வடமொழியில் பகையைக் குறிக்கும் வைரமும் மணியைக் குறிக்கும் வஜ்ரமும் தமிழுக்குள் வந்து ஒரே வடிவம் பெற்றன. மரத்தின் வைரமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. பகை, மணி, மரத்தின் நடுக்கட்டை மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய பிறகு, “மன வைரம்” என்று கேட்பவருக்குப் பகை என்பது இறுகிய பொருளாகவே தோன்றும். இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும்: பேசுகிறவர் யாரும் மரக்கட்டையை நினைத்துக்கொண்டு காழ்ப்பு என்று சொல்வதில்லை, சொற்பிறப்பு வேறு, பொருள் வேறு. அது சரிதான். அதனால்தான் வாதத்தை வேர்ச்சொல்மேல் நிறுத்தாமல் தன்மை, படர்க்கை என்ற வழக்கின்மேல் நிறுத்தியிருக்கிறோம். சொற்பிறப்பு காட்டுவது ஒன்றை மட்டும்: இந்த அணிச் சொற்கள் கசப்பை அதை வைத்திருப்பவரின் உள்ளே கொண்டுபோய் வைக்கின்றன. அதோடு உணர்ச்சி என்ற பின்னொட்டும் சேர்ந்துவிட்டால், வெளியில் நடந்த எதையும் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

பழைய இலக்கணம் இப்படிப் பார்க்கவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளி பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: உறுப்பை அறுப்பது, குடியைச் சிதைப்பது, அடித்தும் வைதும் அலைப்பது, கொல்வது. நான்கும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்தவை. கோபம் யாருக்கு வந்தது என்பதற்கு முன்பு என்ன செய்யப்பட்டது என்று கேட்கும் பட்டியல் இது. அந்த வெகுளி உடனே ஆறாமல் நெடுங்காலம் நிற்கும்போது அதைச் செற்றம் என்று உரையாசிரியர்கள் பிரித்துச் சொன்னார்கள். அந்தப் பிரிவுக்கு அளவுகோல் காலம்தான், மனக்கோணல் இல்லை. புறத்திணையில் வஞ்சினம் என்றொரு துறையும் உண்டு. புறநானூற்றில் பூதப்பாண்டியனும் நெடுஞ்செழியனும் நலங்கிள்ளியும் தங்கள் வாயாலேயே பகைமை கூறும் பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தன்மையில் பகையைச் சொல்லும் வழக்கம் தமிழில் இல்லாதிருந்ததில்லை என்பதற்கு இவை சான்று. ஆனால் வஞ்சினத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இன்னது செய்யேனாயின் எனக்கு இன்னது நேர்க என்பதே அதன் வடிவம். அதில் செயலுக்கு எல்லை உண்டு, தவறினால் தனக்கே தண்டனையும் உண்டு. தன்மையில் சொல்லப்படும் பகை, தான் முடியும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. படர்க்கையில் சொல்லப்படும் காழ்ப்புக்கு அப்படி ஒரு முடிவு கற்பிக்கப்படுவதே இல்லை.

அரசர்களின் பகை என்றாலே பரம்பரைக் காழ்ப்பு என்று எழுதுவது நம் வரலாற்று நூல்களின் பழக்கம். சோழ பாண்டியப் பகை அதற்குக் கைக்கெட்டும் உதாரணம். சோழத் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருப்பதால் அது இந்த மண்ணின் கதையும்தான். 1205 வாக்கில் மூன்றாம் குலோத்துங்கன் மதுரைக்குள் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அதோடு நில்லாமல் சோழர் முடிசூடும் இடமான ஆயிரத்தளியில் தனக்கு வீராபிஷேகம் செய்துகொண்டான். முடிசூட்டு மண்டபத்துக்கு முடிசூட்டு மண்டபம். கண்மூடித்தனமான வெறுப்பென்றால் இவ்வளவு துல்லியமான ஈடு தேவையில்லை. ஈடு செய்த பிறகு அவன் சோழனுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். சோணாடு வழங்கியருளியவன் என்றே அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமை பேசுகிறது. போசளர் படை சோழருக்குத் துணையாக வந்ததும் அந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்தப் பகை தன்னை வெளிப்படுத்திக்கொண்ட விதம் கணக்குத் தீர்ப்பதன் விதமாகவே இருந்தது. பல தலைமுறை இறுகிய காழ்ப்பு என்று அதை வருணிப்பவர், பதினோரு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு குறிப்பிட்ட செயல்களையும் அவற்றுக்கு இடையிலான ஒப்புமையையும் கண்ணில் படாமல் செய்துவிடுகிறார்.

அதே தலைநகரில் அரசர்களோடு தொடர்பில்லாத இன்னொரு கசப்பும் பதிவாகியிருக்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் திருச்சுற்று மதிலை இடித்துக் கல்லை எடுத்துப்போனார்கள். கும்பினி அரசுக்கு அந்தக் கட்டடத்தின்மேல் எந்த உரிமையும் இல்லை. தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது, அது நிறைவேறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை எழுதிவைத்தவர், ஊராருடைய மனப்போக்கைப் பற்றி விவாதிக்கவில்லை. எடுக்கப்பட்டது எது, கொடுக்கப்பட்ட வாக்கு எது, வராதது எது என்று மூன்றையும் குறித்துவைத்தார். வெள்ளையர் ஆட்சியை ஊரார் வெறுத்தார்கள் என்று ஒரு வரியில் அவர் முடித்திருந்தால், இன்று நமக்கு ஓர் உணர்ச்சியின் செய்தி கிடைத்திருக்கும். வாக்கு தவறிய செய்தி கிடைத்திருக்காது. 2004இல் அந்தக் கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்த உயர்வும் பழைய வாக்கை நிறைவேற்றியதாகாது. நடந்ததை அறிவதற்கு இன்றும் உதவுவது அந்த மூன்று விவரங்களே.

இதே மாவட்டத்தில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த குறை இன்னும் விரிவானது. ஜெயங்கொண்டம் பகுதியில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதைத் தோண்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்காக, அரசின் டிட்கோ நிறுவனத்தின் பெயரில் 1990களின் பின்பாதியில் பத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. இழப்பீட்டை உயர்த்தக் கோரும் வழக்குகள் ஆயிரக்கணக்கில் பெருகி ஒரு தலைமுறைக் காலம் நடந்தன. நிலம் பட்டாவில் உடையவர் பெயரில் இல்லை, கையிலோ அவரிடமே இருந்தது. உழ முடிந்தது, அதை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்க முடியவில்லை, மகள் கல்யாணத்துக்கு விற்க முடியவில்லை. நெடுங்காலத்துக்குப் பிறகு திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பி ஒப்படைக்கும் முடிவுக்கு அரசு வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் திருமாந்துறை, எறையூர் வட்டாரத்திலும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென ஏறத்தாழ 3,000 ஏக்கர் வாங்கப்பட்டு, தொழிற்சாலை எழாமல் பல ஆண்டுகள் கிடந்தது; கொடுத்தவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இத்தகைய இடங்களில் எதிர்ப்புக் குரல் எழும்போதெல்லாம் அது தூண்டிவிடப்பட்டது, வளர்ச்சியின்மேல் உள்ள வெறுப்பு, எதிர்க்கட்சியின் காழ்ப்பு என்ற விளக்கங்கள் உடனே வந்துவிடுகின்றன. கொடுத்தவர்கள் பக்கத்தில் வேறொரு சொல் வழங்குகிறது: வயித்தெரிச்சல். எரிவது யாருடைய வயிறு என்பதும், எரிய வைத்தது யார் என்பதும் அச்சொல்லிலேயே இருக்கின்றன.

இந்தக் கசப்பை நம்முடைய சட்டமே எப்படி நடத்தியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் குடிமக்களுக்குச் சாதகமானது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. அதிகாரி நிர்ணயித்த தொகையை ஏற்காதவரோ ஆட்சேபணையோடு பெற்றுக்கொண்டவரோ மட்டுமே, கூடுதல் இழப்பீடு கேட்டு 18ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. ஆட்சேபணை சொல்லாமல் வாங்கிக்கொண்டவருக்கு அந்த வழி அடைபட்டது. வேறு வகையில் சொன்னால், மனக்குறையை மறந்துவிடாமல் எழுத்தில் பதிந்து வைத்திருப்பதுதான் உரிமையைக் காப்பாற்றியது. ஊரார் கசப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் அதே அரசின் சட்டம், அதை விட்டுவிட்டால் உன் பங்கு போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறது. நிலத்தின் சந்தை மதிப்போடு 30 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும் என்று 1984 திருத்தம் சொன்னது. கட்டாயப்படுத்தி எடுப்பதற்கான அந்தத் தொகைக்குத் தமிழில் ஆறுதல் தொகை என்று பெயர். பணம் தரத் தாமதமானால் முதல் ஆண்டுக்கு 9 விழுக்காடும் அதன்பின் 15 விழுக்காடும் வட்டி. காலம் போகப் போகக் கசப்பு குறைந்துவிடும் என்று சட்டம் எண்ணவில்லை. காலம் போகப் போகக் கடன் கூடும் என்று கணக்கிட்டது. 2013ஆம் ஆண்டின் புதிய சட்டம், எடுத்த நிலத்தைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் உரியவரிடமோ அரசின் நில வங்கியிடமோ திரும்பச் சேர்க்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தது. மேடைத் தமிழ் காழ்ப்பு என்று அழைக்கக்கூடியதைச் சட்டத் தமிழ் ஆட்சேபணை, ஆறுதல், வட்டி என்று அழைத்திருக்கிறது. இந்த ஓரிடத்தில் சட்டத்தின் மொழி நேர்மையானது.

கசப்பு தீரக்கூடியது என்பதற்கு மாவட்டப் பிரிவினையே சான்று. 1995 நவம்பர் 1இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் அதற்குள் அடங்கியது. 2001 ஜனவரி 1இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31இல் அந்த மாவட்டம் கலைக்கப்பட்டு மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் அது திரும்பவும் தனி மாவட்டமாயிற்று. உருவாக்கிய இரு முறையும் ஆட்சியில் இருந்தது ஒரு கட்சி. கலைத்தது மற்றொரு கட்சி. காழ்ப்புணர்ச்சி என்ற சொல்லுக்கென்றே அளந்து தைத்த நிகழ்ச்சி இது என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல்லை வைத்து இதை விளக்கத் தொடங்கினால், இரு கட்சித் தலைமைகளின் மனங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்க முடியும். ரயிலும் சிமென்ட் ஆலைகளும் வந்துசேர்ந்த ஓர் ஊருக்கு ஆட்சியர் அலுவலகம் ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்துவிட்டுப் போனது. உடையார்பாளையம் வட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்களில் இருப்பவர்கள் ஒரு மனுவுக்காக மறுபடி பெரம்பலூர் வரை போகவேண்டியதாயிற்று. குறை இதுதான். 2007இல் அது நிவர்த்தியான பிறகு மாவட்டக் கோரிக்கை அரியலூரின் பொதுவாழ்வில் மிச்சமில்லை. உள்ளுக்குள் இறுகிய காழ்ப்பு என்றால் அலுவலகம் திரும்பி வந்ததோடு அது கரைந்திருக்காது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் போய்விடுகிற கசப்பை மனநோய்போல் பேசுவது தவறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

அரியலூரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது 1956 நவம்பர் 23 ரயில் விபத்தில். மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பொதுநினைவில் இன்று அந்த விபத்து அந்தப் பதவி விலகலோடு சேர்த்தே பேசப்படுகிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது ஈடாகியிருக்கும் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் தவறு இன்னாருடைய பொறுப்பு என்று பொறுப்பில் இருந்தவரே ஒப்புக்கொண்டதும் அந்த நிகழ்ச்சியின் பகுதியாகிவிட்டது. செங்கல் மதிலுக்குக் கொடுத்த வாக்குக்கு அப்படி ஒப்புக்கொள்ள ஒருவரும் வரவில்லை. ஒப்புதல் என்பதும் கசப்பின் கணக்கில் ஒரு வரவு. வீட்டு வழக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததே. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது, தபாலில் பத்திரிகை அனுப்பினால் மனத்தாங்கல் முற்றும். தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைத்தால் தீரும். தன்மையில் சொல்லப்படும் கசப்புக்கு என்ன செய்யவேண்டும் என்பதை ஊர் அறிந்தே வைத்திருக்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வரலாம். முதலாவது: எல்லாக் கசப்பும் தீர்வைத் தேடுவதில்லை, சில, காரணம் மறைந்த பிறகும் நிற்கின்றன. இதை மறுக்க முடியாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகறியச் செய்தார். கடல் இந்த நிலத்தை மூடியிருந்த கிரெட்டேசியக் காலத்து மரம் அது. அதில் மரத்தின் பொருள் போய்விட்டது. அந்த இடத்தைக் கனிமம் நிரப்பிக்கொண்டது. வடிவம் மட்டும் மரத்தினுடையது. சில பகைகளும் அப்படியே. முதலில் நடந்த தவறை யாரும் அறியார். அதன் இடத்தில் வேறு நலன்கள் வந்து உட்கார்ந்திருக்கும். பகையின் வடிவம் மட்டும் தொடரும். இத்தகையதைக் காழ்ப்பு என்று அழைப்பது பொருந்தும். ஆகவே அச்சொல்லை மொழியிலிருந்து விலக்க வேண்டும் என்பது இங்கே வாதமில்லை. ஆனால் கல்லாகிவிட்டதா, இன்னும் பச்சையாக இருக்கிறதா என்று அறுத்துப் பார்க்காமல் சொல்லக்கூடாது. அதற்குரிய சோதனை ஒரே கேள்விதான்: என்ன செய்தால் இது தீரும்? ஜெயங்கொண்டத்து விவசாயியிடம் கேட்டால் நிலம் அல்லது உரிய தொகை என்று விடை வரும். 2002இல் அரியலூரில் கேட்டிருந்தால் ஆட்சியர் அலுவலகம் என்று வந்திருக்கும். விடை இருக்கும்வரை அது குறை. கேள்விக்கு விடையே இல்லாதபோது, அல்லது எதிரி இல்லாமல் போனால்தான் தீரும் என்ற விடை வரும்போது, அது காழ்ப்பு.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கடுமையானது. கசப்பையெல்லாம் கடனாகப் பார்த்தால், சாதிப் பெருமை குலைந்ததென்று பொருமுகிறவனுடைய கசப்புக்கும் ஒரு கடன்காரனைத் தேட வேண்டியிருக்கும்; ஒடுக்கியவனின் ஆத்திரமும் மனக்குறை என்ற மரியாதையைப் பெற்றுவிடும். மேற்சொன்ன கேள்வியே இதற்கு விடை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான், ஊர்வலத்தில் குதிரையேறினான் என்று கறுவுகிறவனிடம் என்ன செய்தால் தீரும் என்று கேட்டால், மற்றவன் மனிதனாக நடப்பதை நிறுத்தினால் தீரும் என்பதே அவன் விடையாக இருக்கும். அவனிடமிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. திருப்பித் தரவும் ஒன்றுமில்லை. காழ்ப்பு, வன்மம் என்ற சொற்களுக்கு உரிய இடம் இதுதான். வேடிக்கை என்னவென்றால் இந்த இடத்தில் நம் பொதுமொழி அச்சொற்களை எடுப்பதில்லை. காவல் துறைக் குறிப்பும் அதை ஒட்டி எழுதப்படும் செய்தியும் முன்விரோதம் என்ற சொல்லைப் போட்டுவிடுகின்றன. முன்விரோதம் என்றால் இரு தரப்புக்கும் சமபங்கு. யார் தொடங்கியது, ஏன் தொடங்கியது என்பது மறைந்துவிடும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதியை நோக்கமாகக் கொண்ட குற்றத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. முன்விரோதம் அதை மறுபடி இரண்டு பேரின் சொந்தச் சண்டையாக்குகிறது. வன்மம் இருக்கும் இடத்தில் முன்விரோதம் என்றும், குறை இருக்கும் இடத்தில் காழ்ப்பு என்றும் எழுதுவது ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். இரண்டிலும் யாருக்கு எது செய்யப்பட்டது என்ற செய்தி விடுபடுகிறது.

மூன்றாவது எதிர்வாதம்: குறைகளை அரசியல்வாதிகள் ஊதிப் பெருக்குகிறார்கள், ஆறியிருக்கக்கூடியதை ஆற விடுவதில்லை. நடப்பதுதான். தேர்தலுக்குத் தேர்தல் ஜெயங்கொண்டத்தின் நிலம் வாக்குறுதியாகியிருக்கிறது. ஆனால் ஊதுகிறவர் இருக்கிறார் என்பதால் நெருப்பு பொய்யாகிவிடாது. பட்டா திரும்பாமல், உரிய பணம் வராமல், திட்டமும் நடக்காமல் இருந்தது யாருடைய கற்பனையும் இல்லை. குறையைப் பயன்படுத்துகிறவரைக் கண்டிக்கலாம். அந்தக் கண்டனத்தைக் குறையுடையவர்மேல் திருப்புவது நியாயமில்லை. நான்காவதாக, பணத்தாலும் பத்திரத்தாலும் தீராத இழப்புகள் உண்டு, அவற்றைக் கணக்கு என்று சொல்வது கொச்சைப்படுத்துவது என்பார்கள். குலதெய்வக் கோயில் இருக்கும் புன்செய்க் காட்டுக்கும், முன்னோரைப் புதைத்த இடத்துக்கும் ஏக்கர் விலை கிடையாது. இதையும் ஏற்கலாம். ஏற்றாலும் கணக்கு என்ற பார்வை விழுந்துவிடாது. தீர் என்ற வினையடியிலிருந்துதான் தமிழில் தீர்ப்பும் தீர்வும் வரியைக் குறிக்கும் தீர்வையும் வந்திருக்கின்றன. நோய் தீர்வதும் கடன் தீர்வதும் வழக்குத் தீர்வதும் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. தீர்ப்பது என்றால் விலை கொடுப்பது மட்டுமாகாது. கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதும், முடியாவிட்டால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதும், தவறு தன்னுடையது என்று பதிவுசெய்வதும் தீர்ப்பதன் வகைகளே. விலையில்லாததற்கு விலை பேசுவதைவிட, அதை இழந்தவர் வாயிலிருந்து கேட்டு எழுதிவைப்பது உயர்ந்த தீர்வு.

இவையெல்லாம் சொல் விவகாரம், வயலில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று கடைசியாக ஒரு அலுப்பு மிஞ்சும். மாறுகிறது. கலெக்டர் அலுவலகக் கோப்பில் ஒரு மனு போராட்டக்காரரின் காழ்ப்பு என்று குறிக்கப்பட்டால், அடுத்த நடவடிக்கை அமைதிப் பேச்சுவார்த்தை; போலீஸ் பந்தோபஸ்து; காலம் ஆற்றும் என்ற காத்திருப்பு. அதே மனு நிலுவை என்று குறிக்கப்பட்டால், அடுத்த நடவடிக்கை தொகை, தேதி, பொறுப்பு அதிகாரி. பத்திரிகையில் காழ்ப்பு என்று வந்தால் வாசகர் இரு தரப்பின் குணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்குவார். வாக்கு நிறைவேறவில்லை என்று வந்தால் எந்த வாக்கு, எந்த ஆண்டு என்று கேட்பார். கங்கைகொண்ட சோழபுர மதிலைப் பற்றி எழுதியவர் இரண்டாவது வழியை எடுத்ததால்தான், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குறையை நாம் விவரமாக அறிய முடிகிறது. ஆகவே செய்தியாளரும் அதிகாரியும் வரலாற்றாசிரியரும் காழ்ப்பு என்று எழுதப் பேனா எடுக்கும்போது இரண்டு காரியங்கள் செய்யலாம். அந்தக் கசப்பை உடையவர் தன்னைப் பற்றி எந்தச் சொல்லால் பேசுகிறார் என்று கேட்கலாம். என்ன செய்தால் தீரும் என்பதற்கு அவர் தரும் விடையைக் குறித்துக்கொள்ளலாம். விடை கிடைத்தால் அதையே எழுத வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர் பெயரோடு. விடை கிடைக்காத இடத்துக்குக் காழ்ப்பு என்ற சொல் இருக்கவே இருக்கிறது.